ஒரு நிமிடம் ஐம்பது வினாடி

ஒரு நிமிடம் ஐம்பது வினாடியில் என்னென்ன செய்து முடிக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் வைத்த பால் பொங்காது. பல் விளக்கி முடியாது. தலையில் சிக்கு எடுக்கக்கூடப் பற்றாது. எங்கள் திருப்பூர் கம்பெனியில் துளசிக்கா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் ஐந்து பனியனுக்குக் கை மூட்டிவிடுவாள், அவள் கை அப்படி. நான் இருபத்தாறு பேரை வேலையை விட்டு அனுப்பிவிடுவேன். அனுப்பியிருக்கிறேன். அதற்காகத்தான் கோயமுத்தூரில் தொழிலாளர் நீதிமன்ற வராந்தாவில், ஒரு கால் ஆடும் பெஞ்சில், பத்தரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்றைய பட்டியலில் எங்கள் வழக்கு பதினான்காவது. இப்போது ஆறு ஓடுகிறது. உள்ளே மின்விசிறி கடகடக்கிறது, டைப் அடிக்கும் சத்தம் நின்று நின்று வருகிறது. வந்ததும் வராததுமாக எங்கள் கம்பெனி வக்கீல் சந்தானகோபால் சார் என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, "பரிமளாம்மா, அந்த லாக் வந்துருச்சுங்க" என்றார். லாக் என்றால் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு எழுதி வைக்கும் குறிப்பு. யார், எத்தனை மணிக்கு, எதைத் திறந்தார்கள், எப்போது எதை அழுத்தினார்கள், எல்லாம் இருக்கும். அது வராது என்றுதான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மென்பொருள் விற்ற பெங்களூர்க்காரர்கள் வியாபார ரகசியம் என்று கையை விரித்துவிடுவார்கள், நீங்கள் தைரியமாக இருங்கள் என்றார். நீதிமன்றம் உத்தரவு போட்டதும் நேற்றுச் சாயங்காலம் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரி ஏழாம் தேதி காலை பதினொன்று நாலுக்கு, யாரை அனுப்பலாம் என்று மென்பொருள் கொடுத்த பட்டியலை நான் திறந்திருக்கிறேன். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி கழித்து ஒப்புதல் பட்டனை அழுத்தியிருக்கிறேன். என் பிரமாண வாக்குமூலத்தில் ஏழாவது பத்தி என்ன சொல்கிறது என்றால், ஒவ்வொரு தொழிலாளியின் பதிவேட்டையும் நான் மூன்று நாட்கள் நேரில் பரிசீலித்து, மென்பொருளின் பரிந்துரையைச் சாராமல், என் சுய புத்தியால் முடிவெடுத்தேனாம். கீழே என் கையெழுத்து இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. படிக்காமல் போட்டேன் என்று சொல்ல முடியாது. படித்தேன், போட்டேன்.

அதற்கும் வழி இருக்கிறது என்கிறார் சந்தானகோபால் சார். வக்கீல்களுக்கு எதற்கும் வழி இருக்கும். "மூணு நாளும் பேப்பர்ல எடுத்து வச்சுப் பார்த்தேன், சிஸ்டத்துல கடைசியா அழுத்தினது மட்டும்தான் ரெண்டு நிமிஷம்னு சொல்லுங்க. பேப்பர் எங்கேன்னா, வேலை முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டாச்சு. அவ்வளவுதான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மிஷின் சொல்லுச்சு, அனுப்பீட்டோம்னு ஆச்சுன்னா கேஸ் போச்சுங்க. ஒரு மனுஷி பார்த்து முடிவு பண்ணுனான்னா நிக்கும். அந்த மனுஷி நீங்கதான்." அந்த மனுஷி. ஒரு மனுஷி தேவைப்படுகிறாள் என்பதற்காகத்தான் என்னை உதவி மேலாளர் நாற்காலியில் வைத்திருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெங்களூரிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்த பையன் அன்றைக்கே நல்ல மாதிரியாகச் சொன்னான். "மேடம், சிஸ்டம் பரிந்துரைதான் செய்யும், முடிவு உங்களோடது." பட்டியலின் தலைப்பில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதைத் தொட்டால் எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் டிக் விழும். குறிப்பு எழுதும் இடத்தில் எதையாவது எழுதாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. 'பரிசீலிக்கப்பட்டது' என்று ஒரு தடவை அடித்தேன், இருபத்தாறு பேருக்கும் அதுவே போய் உட்கார்ந்தது. அன்றைக்குப் பதினொன்றே காலுக்குத் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட். ஆடிட் நடக்கும்போதே தீயணைப்பு சிலிண்டர் தேதியை நான்தான் சரிபார்த்துக் காட்ட வேண்டும். அதைப் போய்ப் பார்த்தேன், ஒவ்வொன்றாக, பதினெட்டையும். அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

பொய்ச் சாட்சி சொன்னால் என்ன தண்டனை என்று நேற்று போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. இனி என் போன் எனக்கு வக்கீல் விளம்பரமாகக் காட்டும். கம்ப்யூட்டர் ஆவணம் சரியானது என்ற சான்றிதழிலும் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேற்படி கணினி மேற்படி காலத்தில் முறையாக இயங்கியது, பழுது ஏதும் இல்லை. கணினி முறையாகத்தான் இயங்கியது, பாவம், அது என்ன செய்யும். உண்மையைச் சொன்னால் மேனேஜர் ஜெயப்பிரகாஷ் என்ன செய்வார் என்று தேட வேண்டியதில்லை, தெரியும். காலையில் அவரிடமிருந்து மெசேஜ், ஆல் தி பெஸ்ட் மேடம், பின்னால் கும்பிடும் கை ஒன்று. சாயங்காலம் அந்தக் கை இருக்காது. பொய்யான வாக்குமூலம் கொடுத்துக் கம்பெனிக்கு அவப்பெயர் என்று என்னைத்தான் எழுதுவார்கள், எழுதிக்கொடுத்தது அவர்கள் வக்கீல் என்றாலும். முப்பத்தொன்பது வயது. அஞ்சல் வழியில் படித்த டிகிரி. எங்கே போய் நிற்பேன்? அதே மென்பொருளைத் திருப்பூரில் எத்தனையோ கம்பெனிகள் வைத்திருக்கின்றன. வேலை போய் வழக்குப் போட்டிருக்கும் துளசிக்கா, வேறு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஆதார் நம்பரைத் தட்டியதும் திரை சிவப்பாகிறதாம், கேட்டிலேயே அனுப்பிவிடுகிறார்களாம். அவள் விவரத்தை வெளியே கொடுக்க அவளே சம்மதித்திருக்கிறாள் என்று கம்பெனி சொல்கிறது. கையெழுத்து இருக்கிறது. எப்போது வாங்கிய கையெழுத்து என்று எனக்குத் தெரியும், நான்தான் வாங்கினேன். ஆயுத பூஜை அன்று. மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்து, பொரி கடலைப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு கையால் பொட்டலம் கொடுத்தேன், ஒரு கையால் படிவத்தை நீட்டினேன். "எதுக்குங்க மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஐடி கார்டுக்கு" என்றேன். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் சொல்லியிருந்தார்களா? எட்டுப் பக்கம் ஐடி கார்டுக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றாமலா இருந்தது? தோன்றியது. வரிசை நீளமாக இருந்தது. வீட்டுக்காரர் நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார், "கம்பெனி என்ன சொல்லுதோ அதச் சொல்லீட்டு பஸ் ஏறி வந்துரு." அவர் சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது.

ஏழு ஓடுகிறது. பதிவேடுகளைப் பார்த்தாயா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லிவிடலாம், பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம், ஆனால் கேள்வி அதோடு நிற்காதே. பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று அடுத்த கேள்வி வரும். என்னை ராத்திரியெல்லாம் புரட்டுவது அந்த இரண்டாவது கேள்விதான். பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது எனக்குப் பார்க்காமலே தெரியும். நானும் அந்த லைனில் உட்கார்ந்து தைத்தவள். எங்கள் லைனில் கை குடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், வயிற்றில் பிள்ளை என்றால், மாதத்தில் அந்த மூன்று நாள் என்றால், பக்கத்து மிஷின்காரி அவள் பங்குத் துணிக்கட்டான பண்டிலில் இருந்து பீஸை இழுத்துத் தன் மிஷினில் தைத்து, அவள் பண்டிலிலேயே திருப்பிப் போட்டுவிடுவாள். கணக்கு முடியாதவள் பேரில் ஏறும். யாரும் யாரையும் கேட்பதில்லை, நன்றி சொல்வதும் இல்லை. சூப்பர்வைசருக்குத் தெரியும், பொழுதுக்குள் பீஸ் எண்ணிக்கை வந்தால் போதும் என்று கண்டுகொள்ள மாட்டார். அப்புறம் யார் தைத்தது என்று பதிய ஆளுக்கொரு கார்டு வந்தது, அதைத் தொட மிஷினுக்கு மிஷின் டேப்லெட் வந்தது, லைனுக்கு மேலே கேமரா வந்தது. கேமராவுக்கு இவர்கள் மாமியார் என்று பேர் வைத்தார்கள். மாமியார் வந்தாலும் கை குடுப்பது நிற்கவில்லை. எழுந்து போய் முடியாதவளின் கார்டை அவள் டேப்லெட்டில் தொட்டுவிட்டு வந்து அவள் பண்டிலைத் தைத்தார்கள். மென்பொருள் அதைப் பார்த்து என்ன புரிந்துகொண்டது? அப்போது ஏழு மாத வயிற்றோடு அரை நாள் சுவரில் சாய்ந்திருந்த முத்துப்பேச்சிதான் லைனிலேயே வேகமான தையல்காரி என்று புரிந்துகொண்டது. மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று அவள் படத்தை நோட்டீஸ் போர்டில் போட்டோம். படத்தில் அவள் சிரிக்கவில்லை, திருடியவள் மாதிரி நிற்கிறாள். அவளுக்குக் கை குடுத்த துளசிக்கா சிவப்பு. தைத்தது குறைவு, இருக்கையை விட்டு எழுந்தது அதிகம், ஆறு வாரமாகத் தொடர்ந்து கீழே. அதைத்தான் எனக்குப் பரிந்துரைத்தது. இதை நான் கூண்டில் ஏறிச் சொன்னால்? துளசிக்கா நல்ல தையல்காரி என்று நிரூபணம் ஆகும். கூடவே லைன் முழுக்க, அறுபது பெண்கள், அடுத்தவர் கார்டில் பதிவு போட்டவர்கள் என்றும் நிரூபணம் ஆகும். கம்பெனியின் ஒழுங்கு விதிகளான நிலையாணையில் அதற்குப் பேர் பொய்ப் பதிவு. விசாரணைகூட வேண்டாம், அனுப்பிவிடலாம். ஒருத்தியைக் காப்பாற்ற அறுபது பேரைக் கொடுப்பதா? அதனால்தான் நான் வாய் திறக்க முடியாது. அதனால்தான், வேறு எதற்காகவும் இல்லை. சந்தானகோபால் சார் சொன்னபடி பேப்பரில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கினால் லைன் பிழைக்கும். எவ்வளவு நல்லவள் நான், அறுபது பேருக்காகப் பொய் சொல்லப்போகிறேன். என் வேலையும் அதில் தப்பித்துக்கொள்வது வெறும் தற்செயல்.

என்னைப் புரட்டும் இன்னொன்று உண்டு. பதினாறு வருடத்துக்கு முன்னால் என் மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கு மூன்றாம் மாதம் தொடங்கி வாந்தி நிற்கவேயில்லை. மிஷின் எண்ணெய் வாடை பட்டால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் என் பண்டில் முடிந்திருக்கும். துளசிக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள், அவள் பாட்டுக்கு அடுத்ததை மிதித்துக்கொண்டிருப்பாள். நாலு மாதம் அப்படிப் போயிற்று. பிள்ளை பெற்று வந்ததும், எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, பன்னிரண்டு வேறு படித்திருக்கிறாள் என்று என்னை ஆபீசில் கிளார்க்காகப் போட்டார்கள். அந்த எண்ணிக்கை யாருடையது? அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. யோசித்தால் இந்தச் சுடிதார், இந்த ஹேண்ட்பேக், கழுத்தில் தொங்கும் உதவி மேலாளர் என்ற அட்டை, எல்லாமே கழன்று கையோடு வரும் போல இருக்கிறது. ஒன்பது ஓடுகிறது. எட்டு எப்போது போயிற்று? தொண்டை வறண்டுவிட்டது. வராந்தாவின் கடைசியில் தண்ணீர்க் கேன் இருக்கிறது. எழுந்து போகலாம், ஆனால் அங்கேதான் துளசிக்கா நிற்கிறாள். பச்சைப் புடவை, கையில் ஒரு துணிப்பை, பக்கத்தில் அவள் தரப்பு வக்கீலம்மா இல்லை. என்னை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி போனை எடுக்கிறேன். கும்பிடும் கை இன்னும் அங்கேயே இருக்கிறது. நிமிர்ந்தால் துளசிக்கா என் எதிரில் நிற்கிறாள், கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"குடி அம்மிணி. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது" என்றாள். குடித்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. "காத்தால சாப்டியா?" என்று கேட்டாள். "சாப்டனுங்க்கா" என்றேன். அவள் நம்பவில்லை. பெஞ்சில் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் கத்தரிக்கோல் தழும்பு. கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவதால் வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிசிறு வெட்டுவது வேலை தெரியாதவர்கள் செய்கிற வேலை. "எங்க வக்கீலம்மா டீ குடிக்கப் போயிருக்குது. அது வர்றதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லிப்போடறேன்" என்றாள். "கை குடுத்ததப் பத்தி மட்டும் வாயத் தொறந்துறாத. வக்கீலம்மாகிட்டயே நான் சொல்லல. முத்துப்பேச்சி இப்பப் பச்சப் புள்ளக்காரி. அவளக் கொண்டாந்து இங்க நிறுத்தீருவாங்க." "கேஸ் போயிருமேக்கா" என்றேன். "போனாப் போவுது. மெதுவாத் தைக்கறவன்னுதான பேரு வரும், வந்துட்டுப் போவட்டும்." டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அப்புறம், போகிற போக்கில், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள். "நீ என்ன பண்ணுவ, அத்தன பேரு. என் பேரு உன் கண்ணுல பட்டிருந்தா போக உட்டிருப்பியா."

பட்டது. துளசிக்கா, பட்டது. இத்தனை மாதமாகப் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று நான் என்னையே திட்டிக்கொண்டு வருகிறேனே, அது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சலுகை. பார்க்கவில்லை என்பது சின்னக் குற்றம், அதனால்தான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். பட்டியலைத் திறக்க, கட்டத்தைத் தொட, ஒரு சொல்லை அடிக்க, பட்டனை அழுத்த முப்பது வினாடி போதும். மீதி ஒரு நிமிடம் இருபது வினாடி நான் பதினேழாவது வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். க. துளசிமணி, ஓவர்லாக், மூன்றாவது லைன். அவள் கை வேகம் எனக்குத் தெரியும், ஏன் எழுந்து எழுந்து போகிறாள் என்று தெரியும், யாருக்காக என்றுகூட எனக்குத் தெரியும். அந்தப் பெயருக்கு எதிரில் இருந்த டிக்கை எடுத்தால், ஏன் எடுத்தாய் என்று ஒரு பெட்டி திறக்கும், காரணம் எழுத வேண்டும், அது ஜெயப்பிரகாஷ் சாருக்குப் போகும். அவர் கூப்பிட்டுக் கேட்பார். அதற்கு முந்தின மாதம் ஒரு டிக்கை எடுத்ததற்கு, "மேடம், உங்களுக்குச் சொந்தமா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், வேறு ஒரு மண்ணும் இல்லை. அந்தச் சிரிப்புக்காக. ஆடிட் ஆட்கள் வரும் கார் சத்தம் கேட்டது, அழுத்தினேன். அறுபது பேர் அப்போது என் மனதில் இல்லவே இல்லை, அவர்களை அப்புறம்தான் கொண்டுவந்து எனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். இப்போது அவளே வந்து, அறுபது பேருக்காக என்ற சாக்கையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் இருப்பது நான் மட்டும்தான். உள்ளேயிருந்து ஒருவர் வந்து எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிடுகிறார். நடுவில் நாலைந்து பேர் வரவில்லையாம். இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கூண்டு என்று ஒன்று இல்லை, இடுப்பளவு மரத்தடுப்பு, அவ்வளவுதான். சத்தியம் வாங்கினார்கள். நீதிபதி அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துளசிக்கா தரப்பு வக்கீலம்மா, சின்னப் பெண், லாக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டி நேரத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "ஏழாவது பத்தியில மூணு நாள் பரிசீலிச்சதாச் சொல்லியிருக்கீங்க. பரிசீலிச்சீங்களா?" என்று கேட்டாள். சந்தானகோபால் சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், பேப்பர் என்று அர்த்தம். "இல்லீங்க" என்றேன். அவர் எழுந்தார், ஏதோ சொல்ல வந்தார், நீதிபதி அம்மா கையைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டார். "ஒருத்தரோட பதிவேட்டையும் நீங்க திறந்து பார்க்கல, சரிங்களா?" என்றாள் வக்கீலம்மா. "சரிங்க." நீதிபதி அம்மா என் பதிலைக் கோர்ட்டு நடையில் டைப் அடிப்பவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், "எந்தத் தொழிலாளியின் பதிவேட்டையும் நான் பரிசீலிக்கவில்லை என்றால் சரிதான்." வக்கீலம்மா வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தாள். நான் பயந்த இரண்டாவது கேள்வியை அவள் கேட்கவேயில்லை. நான் இறங்கியிருக்கலாம். துளசிக்கா பின்வரிசையில் உட்கார்ந்து, எனக்கு நல்லது நடந்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு என்னால் இறங்க முடியவில்லை.

"ஒருத்தரோட பேரை மட்டும் பார்த்தேனுங்க" என்றேன். டைப் சத்தம் நின்றது. "யாரோட பேரு?" என்றார் நீதிபதி அம்மா.

"துளசிமணிங்க."

"பார்த்துட்டு?"

"அழுத்தீட்டேனுங்க."

"அவங்கள உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

நாலு மாதமும், முடிந்து கிடந்த பண்டில்களும், முத்துப்பேச்சியும் தொண்டை வரைக்கும் வந்தார்கள். விழுங்கினேன். "பக்கத்து மிஷினுங்க" என்றேன்.

அதையும் டைப் அடித்தார்கள். துளசிக்கா துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்க்காமல், மற்றவர்கள் காலைத் தாண்டித் தாண்டி, வெளியே போனாள்.